கழுவாத கொப்பரை

அக்ரன், ஒஹையோ
மார்ச் 7, 1994

அன்புள்ள வெர்னா,

உறையின் மூலையில் என் பெயரைப் பார்த்ததுமே இதைக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பாய். போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் நன்றி. நாம் பேசி ஆறு வருடம் ஆகிறது.

ஒரு பாத்திரம் சம்பந்தமாக எழுதுகிறேன். 1987 கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வந்தோமே, அன்று நீ உருளைக்கிழங்கு கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரம் ஆய்வகத்தில் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் இன்னமும் இருக்கிறது. பழைய சாமான்களை ஒழிக்கச் சொல்லி உத்தரவு. தபாலில் அனுப்பட்டுமா?

விஷயம் அவ்வளவுதான்.

இல்லை. இனி எழுதப்போவது கம்பெனி ரகசியம், ஆகவே நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். சென்ற வருடம் பிப்ரவரியில் என் பெயரில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். செயற்கை ரப்பர் பால் தயாரிக்கும் முறை. ஒரு சரக்கு முடிந்ததும் கொப்பரையை முழுக்க வடிக்காமல், கழுவாமல், கொஞ்சம் பாலை அடியில் விட்டு, அதன் மேலேயே அடுத்த சரக்கை ஏற்றுவது. பழைய துகள்கள் விதையாக நிற்க, புதிய பாலிமர் அவற்றின் மேல் வளர்கிறது. துகள்கள் ஒரே அளவாக வருகின்றன, சுவரில் கட்டி பிடிப்பதில்லை. விதையைத் தனியாகத் தயாரித்து ஊற்றுவது பாடப்புத்தகத்திலேயே உண்டு. நம்முடைய புதுமை, கழுவாமல் விட்டது மட்டும்தான்.

'நம்முடைய' என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

வக்கீல் லோரிங் இதை இருநூற்றுப் பதினான்கு சொற்கள் கொண்ட ஒரே வாக்கியமாக ஆக்கியிருக்கிறார். 'கழுவாமல்' என்ற சொல் அதில் கிடையாது. 'முந்தைய பாலிமராக்கத்தின் எச்சத்தில் நான்கு முதல் ஏழு சதவீதம் கலனுள் தக்கவைக்கப்பட்டு' என்று போகிறது. படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. 'இதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நம்புகிறேன்' என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

போன வாரம் லோரிங் ஆய்வக நோட்டுகள் எல்லாவற்றையும் கேட்டார். யார் முதல் என்று தகராறு வந்தால் தேதி காட்ட வேண்டுமாம். எடுத்து அடுக்கும்போது உன் நோட்டு ஒன்று கையில் வந்தது. பக்கம் 112. மார்ச் 27, 1987. கொப்பரையின் அடியில் ஐந்து சதவீதம் விட்டு அடுத்த சரக்கை ஏற்றியதாக எழுதியிருக்கிறாய். துகள் அளவு போட்டிருக்கிறாய். சுவர் சுத்தமாக இருந்தது என்று அடிக்கோடு வேறு. பக்கத்தின் கீழே, வழக்கம்போல், உடன் வேலை பார்ப்பவர் படித்துக் கையெழுத்திட வேண்டிய சாட்சி வரி: 'படித்தேன், புரிந்துகொண்டேன்.' அதன் கீழே என் கையெழுத்து.

அந்தப் பக்கத்தை நான் முதன்முறையாகப் படித்தது போன செவ்வாய்க்கிழமை.

பாத்திரத்தைப் பற்றி எழுது.

எமெரி சாபோ


டால்டன், ஜார்ஜியா
மார்ச் 15, 1994

திரு. சாபோ அவர்களுக்கு,

அந்தப் பாத்திரம் என்னுடையது அல்ல. என்னுடையதற்கு நீல மூடி.

மார்ச் 27, 1987 வெள்ளிக்கிழமை. தவக்காலம். மாதா கோயிலில் மீன் வறுவல் விருந்து. நீங்கள் வண்டிநிறுத்தத்தில், என் காரின் முன்மூடி மேல் நோட்டுகளை வைத்து, முப்பத்தோரு பக்கங்களில் கையெழுத்துப் போட்டீர்கள். மூன்று நிமிடம் ஆனது. "வேகமாப் போடுங்க, மீனு தீர்ந்துடும்"னு நான்தான் சொன்னேன். ஆகவே நீங்கள் படிக்கவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை நான் எல்லாருக்கும் முன்னால் வாசித்ததாவது நினைவிருக்கிறதா? நம் மேலதிகாரி கில்கிறிஸ்ட் என்ன சொன்னார்? "வெர்னா, வீட்டு சமையல்கட்டுப் பழக்கத்த இங்க கொண்டாராதம்மா. கொப்பரைய கழுவு." பன்னிரண்டு ஆண்கள் சிரித்தார்கள். பதிமூன்றாவது ஆளாகிய நீங்கள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டோநட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன் நடுவில் ஓட்டை இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தவர் மாதிரி. அதற்கும் காப்புரிமை கேட்டிருக்கலாம்.

இங்கே என்னிடம் இரண்டு கொப்பரைகள், பதினோரு ஆட்கள். கம்பளங்களின் முதுகில் பூசும் பால் காய்ச்சுகிறோம். நான்கைந்து கம்பள ஆலைகள் எங்களிடம் வாங்குகின்றன. 1989 முதல் ஒவ்வொரு சரக்கும் மிச்சப் பாலின் மேல்தான் ஏறுகிறது. உங்களுக்கு அந்தக் காப்புரிமை கிடைத்தால், மறுநாளே கில்கிறிஸ்டின் கடிதம் எனக்கு வரும். நான் கழுவ ஆரம்பிக்க வேண்டும். கழுவினால் கட்டி பிடிக்கும். கட்டி பிடித்தால் வாரத்தில் ஒருநாள் என் ஆள் ஓடெல் கொப்பரைக்குள் இறங்கிச் சுரண்ட வேண்டும். என்னிடம் இருப்பதே இரண்டு. அக்டோபர் தாண்ட மாட்டோம்.

நீங்கள் இதை எனக்கு ஏன் எழுதினீர்கள் என்று புரியவில்லை. மனசாட்சி உறுத்துகிறது என்றால் மாதா கோயிலுக்குப் போங்கள். அங்கே மீனும் கிடைக்கும்.

வெ. ஸ்டால்நேக்கர்


அக்ரன்
மார்ச் 28, 1994

அன்புள்ள வெர்னா,

டோநட் விஷயம் உண்மை. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. கில்கிறிஸ்ட் அந்த வாரம்தான் என் பெயரைப் பிரிவுத் தலைவர் பதவிக்கு எழுதியிருந்தார். இது விளக்கம் இல்லை, தகவல்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு முடிவெடுத்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்யலாம் என்று, பக்கம் 112-ஐ எடுத்துக்கொண்டு நேரே லோரிங்கிடம் போனேன். "கண்டுபிடிச்சது நான் இல்ல, வெர்னா ஸ்டால்நேக்கர். அவங்க பேரப் போடுங்க"ன்னு சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை.

லோரிங் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எமெரி, நீர் தங்கமான மனுஷன்யா! அந்தம்மா இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்திருக்காங்க, இங்க எதக் கண்டுபிடிச்சாலும் அது கம்பெனிக்குத்தான்னு. இப்ப தேதி அஞ்சு வருஷம் முன்னாடி போகுது. நம்ம கேஸ் கல்லு மாதிரி நிக்கும்!"

சுருக்கமாகச் சொன்னால், நான் உண்மையைச் சொன்னதால் உன் நிலைமை மோசமாகிவிட்டது. இரண்டாவது கண்டுபிடிப்பாளர் என்று உன்னைச் சேர்க்க ஒரு படிவம் வரும். உன் பெயரில் கிடைக்கும் காப்புரிமையைக் காட்டி உன் ஆலையை மூடச் சொல்வார்கள்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். தோன்றவில்லை. வீரம் எனக்குப் பழக்கமில்லாத வேலை.

எமெரி


டால்டன்
ஏப்ரல் 6, 1994

திரு. சாபோ அவர்களுக்கு,

படிவம் வந்து சேர்ந்தது. 'கண்டுபிடிப்பாளர்' என்ற இடத்தில் என் பெயரை அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எழுத்துப் பிழைகூட இல்லை. பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தபோது என் சம்பளக் காகிதத்தில் ஒருமுறைகூட ஸ்டால்நேக்கரைச் சரியாக எழுதியதில்லை.

தயவுசெய்து இனி எனக்கு எந்த நன்மையும் செய்யாதீர்கள்.

இரண்டு நாள் ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் நிதானமாக யோசித்தேன். நீங்கள் முதல் என்றால் எனக்கு ஆலை போகும். நான் முதல் என்றாலும் ஆலை போகும். ஏழு வருடமாக, பல் தேய்க்கும்போதுகூட, 'நான்தான் முதலில் செய்தேன்' என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தவள் நான். இப்போது நான் முதல் ஆள் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். நம் இருவருக்கும் முன்னால் எவராவது ஒருவர் இதைச் செய்து, அது எங்காவது அச்சில் வந்திருந்தால் போதும். அச்சில் வந்த பழைய சங்கதிக்கு எவருக்கும் காப்புரிமை கிடையாது.

ஓடெலிடம் சொன்னேன். கொப்பரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க தோத்தாதான் நாம ஜெயிக்கிறோமா? நல்ல சட்டம்மா இது"ன்னார்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் எதிலும் போடாதீர்கள். படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

வெ. ஸ்டால்நேக்கர்


டால்டன்
மே 23, 1994

திரு. சாபோ அவர்களுக்கு,

ஐந்து சனிக்கிழமைகள் அட்லாண்டாவுக்குப் போய்வந்தேன். அங்கே பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் ரப்பர் தொழில் பத்திரிகைகளை வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் மூன்று சனிக்கிழமைகளை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வீணடித்தேன். பிறகுதான் புத்தி வந்தது. கட்டுரை எழுதுகிறவர்கள் கொப்பரையைக் கழுவுகிறவர்கள். கழுவாதவர்கள் எழுதுவதில்லை. அவர்களைப் பற்றி வேறு யாராவது புகார் எழுதுவார்கள். ஆகவே கட்டுரைகளை விட்டுவிட்டு 'ஆசிரியருக்குக் கடிதங்கள்' பகுதியை மட்டும் படிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்தது. நியூஜெர்சியில் ஓர் ஆலை மேற்பார்வையாளர் எழுதியது, செப்டம்பர் 1958. நகல் இணைத்திருக்கிறேன். நகலை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவீர்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்:

'ஆசிரியர் அவர்களுக்கு, என் ஆலையில் ஒரு தொழிலாளி வெள்ளிக்கிழமை தோறும் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில் கொப்பரையை முழுதாக வடிப்பதும் இல்லை, கழுவுவதும் இல்லை. ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ரப்பர் பாலை அடியிலேயே விட்டு, அதன் மேல் அடுத்த சரக்கை ஏற்றிவிடுகிறார். பதினான்கு முறை கையும் களவுமாகப் பிடித்தேன். வருந்தத்தக்க விஷயம் என்னவென்றால், அந்தப் பதினான்கு சரக்குகளிலும் துகள்கள் ஒரே அளவாக வந்தன. சுவரில் கட்டி பிடிக்கவில்லை. இதை அவரே எனக்குச் சுட்டிக்காட்டுகிறார். மற்ற தொழிலாளர்கள் முன்னிலையில் சுட்டிக்காட்டுகிறார். இவரை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி?'

ஆசிரியரின் பதில்: 'ஒழுங்கீனத்துக்கு நல்ல பலன் கிடைப்பது மற்றவர்களைக் கெடுக்கும். கழுவச் சொல்லுங்கள்.'

இருபதில் ஒரு பங்கு என்றால் ஐந்து சதவீதம். உங்கள் வக்கீலின் நான்குக்கும் ஏழுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சட்டம். விண்ணப்பித்த கண்டுபிடிப்பாளருக்கு இப்படி ஒரு பழைய தாள் இருப்பது தெரிந்தால், அதை அவர் காப்புரிமை அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் காப்புரிமை செல்லாது. இதை நான் நேராக அவர்களுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். நகலின் அடியில் இரண்டு வார்த்தை தட்டச்சு செய்து, கோடு போட்டு வைத்திருக்கிறேன். எந்த வார்த்தைகள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை முதலில் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

மீன் தீர்ந்துவிடாது.

வெ. ஸ்டால்நேக்கர்


அக்ரன்
ஜூன் 17, 1994

அன்புள்ள வெர்னா,

உண்மையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் உறை மே 26 வந்தது. கனமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்தேன். ஊகிப்பது தெரிவது ஆகாது. ஆகவே அதைப் பிரிக்காமல் சமையலறை அலமாரியில், ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. ஒன்பது நாளும் நான் ரொட்டி சாப்பிடவில்லை. ஓய்வுபெற எனக்கு ஏழு மாதம்தான் இருந்தது. கம்பெனியில் காப்புரிமை பெற்றவர்களுக்குப் பெயர் பொறித்த பித்தளைப் பலகை உண்டு, நடைவழிச் சுவரில் மாட்டுவார்கள். என் பலகைக்கு ஆணியே அடித்தாகிவிட்டது. முப்பத்து நான்கு வருடத்தில் என் பெயர் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. ஆணியைத் தினமும் இரண்டுமுறை கடந்து போகிறேன்.

பத்தாம் நாள் பிரித்தேன். படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது சிரித்துவிட்டேன். மூன்றாம் முறை கையில் பென்சிலோடு படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். பிரதி இதோடு இருக்கிறது.

லோரிங்கிடம் எடுத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். கழற்றினால் அவருக்கு எதுவும் தெரியாது.

"இத எங்கிட்ட ஏன்யா காட்டுற?"

"சட்டப்படி காட்டணும்ல?"

"சட்டம் எனக்கும் தெரியும். படிச்சுத் தொலைச்சிட்டியா?"

"மூணு தடவ படிச்சேன். அடியில கையெழுத்தும் போட்டுட்டேன். ஒரு பிரதி ஜார்ஜியாவுக்குப் போகுது."

"கையெழுத்தா! உன்னய யாருய்யா படிக்கச் சொன்னது? முப்பது வருஷமா இந்தக் கம்பெனில எவனும் எதையும் படிச்சதில்ல, வண்டி நல்லாத்தான ஓடுச்சு?"

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். மோசமான மனிதர் இல்லை. அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் உறுதிமொழி எடுத்தவர்தான். அன்றைக்கே காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் விட மாட்டார். ஏதோ வாதம் தயார் செய்கிறார்.

எமெரி


டால்டன்
ஜூன் 24, 1994

திரு. எமெரி,

பிரதி கிடைத்தது. கையெழுத்து உங்களுடையது போலவே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது.

ரொட்டி சாப்பிடுங்கள்.

வெர்னா


அக்ரன்
அக்டோபர் 11, 1994

அன்புள்ள வெர்னா,

சென்ற மாதம் காப்புரிமை அலுவலக ஆய்வாளரிடமிருந்து முதல் பதில் வந்தது. வான் ஹூட் என்று ஓர் அம்மையார். விண்ணப்பத்தில் உரிமை கேட்டு எழுதிய இருபது கோரிக்கைகளையும் நிராகரித்திருக்கிறார். ஆதாரம், நியூஜெர்சி மேற்பார்வையாளரின் புகார்க் கடிதம். சந்தோஷப்பட்டுவிடாதே. இது முதல் சுற்று. பெரும்பாலும் எல்லாரையும் முதலில் நிராகரிப்பார்களாம், அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்வார்களாம்.

லோரிங் பதினேழு பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். இப்போதெல்லாம் நான் படிக்கிறேன் என்று தெரிந்து, கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார். சாராம்சம் இது: 1958 தொழிலாளி செய்தது கண்டுபிடிப்பு அல்ல, சோம்பேறித்தனம். அவருடைய நோக்கம் பாலிமர் அல்ல, வீடு. திரு. சாபோவோ அதே செயலை ஆழ்ந்த அறிவியல் சிந்தனையோடு செய்தார். ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

இதை நிரூபிக்க என்னிடம் பிரமாணப் பத்திரம் கேட்கிறார். 1992-இல் நான் கொப்பரையைக் கழுவாமல் விட்டபோது என்ன சிந்தித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதித் தர வேண்டும்.

இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். வெர்னா, அன்று கழுவும் குழாயின் வாய் உடைந்திருந்தது. புதுக் குழாய் கேட்டு மனுக் கொடுத்தால் நான்கு பேர் கையெழுத்து வேண்டும். அதனால் கழுவாமல் ஏற்றிவிட்டேன். ஆழ்ந்த சிந்தனை என்று ஏதாவது இருந்திருந்தால், அது அந்த நான்கு பேரைப் பற்றியது.

"எழுதித் தர முடியாது"ன்னு சொன்னேன். கில்கிறிஸ்ட் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ். போறப்ப கம்பெனிக்கு ஒரு நல்லது செய்யக் கூடாதா எமெரி?" அவர் மேஜை மேல் ஒரு டோநட் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். "மாட்டேன்"னேன்.

பிரமாணப் பத்திரம் இல்லாமலே பதில் போயிருக்கிறது. முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

எமெரி


டால்டன்
அக்டோபர் 20, 1994

எமெரி,

பெரிய கம்பள ஆலைக்காரர் ஒருவர் நேற்று வந்தார். அடுத்த வருட ஒப்பந்தத்தை ஜனவரியில்தான் போடுவாராம். "உங்களுக்கு ஏதோ வில்லங்கம்னு காத்துல வந்துச்சு, அது தீரட்டும்மா"ன்னார். காற்றுக்கு அக்ரனிலிருந்து டால்டனுக்கு வழி தெரிந்திருக்கிறது. அவர் போனால் ஒரு கொப்பரை அணைய வேண்டியதுதான். அணைந்தால் ஐந்து பேர் வீட்டுக்குப் போவார்கள். யார் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது பெயரில் பேனா நின்றுவிட்டது. காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

லோரிங்கின் பதினேழு பக்கத்தை ஓடெலுக்கு விளக்கினேன். "சோம்பேறி செஞ்சா தப்பு, அதையே படிச்சவன் செஞ்சா கண்டுபிடிப்பா? அந்த நியூஜெர்சிக்காரன் பதினாலு தடவ செஞ்சு பாத்திருக்கான். உங்காளு எத்தன தடவ செஞ்சாராம்?"

உன் நோட்டைப் பார்த்துச் சொல்.

நீ கில்கிறிஸ்டிடம் சொன்ன வார்த்தையை இரண்டு முறை படித்தேன். ஏழு வருடம் தாமதம். பரவாயில்லை, வந்து சேர்ந்துவிட்டது.

வெர்னா


அக்ரன்
ஜனவரி 9, 1995

அன்புள்ள வெர்னா,

ஒன்பது தடவை. ஓடெலிடம் சொல்லிவிடு, ஐந்து தடவை வித்தியாசத்தில் நான் தோற்றேன்.

இறுதி நிராகரிப்பு வந்துவிட்டது. இருபது கோரிக்கைகளும் போயின. மேல்முறையீடு வேண்டாம் என்று கம்பெனி இன்று காலை முடிவெடுத்துவிட்டது. முடிந்தது. உன் கொப்பரைகளை யாரும் தொட முடியாது. இந்த வரியை இரண்டாவது பக்கத்தில் எழுதி உன்னைக் காக்க வைக்கலாமா என்று யோசித்தேன், உனக்குப் பயந்து இங்கேயே எழுதிவிட்டேன்.

வான் ஹூட் அம்மையார் எழுதியிருப்பதில் ஒரு பத்தியை அப்படியே தருகிறேன். என் தொழில் வாழ்க்கையில் நான் படித்த மிகச் சிறந்த பத்தி இது:

'விண்ணப்பதாரரின் வாதம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை. ஒரு முறை ஏற்கெனவே அறியப்பட்டதா என்பதே கேள்வி. அதைச் செய்தவர் எந்த நோக்கத்துடன் செய்தார் என்பது கேள்வி அல்ல. கோரிக்கையில் சோம்பேறித்தனம் விலக்கப்படவில்லை. நல்ல பலனை 1958-இல் எவரும் உணரவில்லை என்ற வாதமும் நிற்காது. மேற்பார்வையாளர் அதை உணர்ந்திருக்கிறார். அவருடைய கோபத்துக்குக் காரணமே அதுதான்.'

லோரிங் அதைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தோக்கறதுன்னா இப்படித் தோக்கணும்யா"ன்னார். கில்கிறிஸ்ட் சிரிக்கவில்லை. கழுவும் குழாய்க்குப் புது வாய் வாங்க அன்றைக்கே உத்தரவு போட்டார்.

எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். நான் வெளியே போய், எதிர்க்கடையில் முட்டைக்கோஸ் உருண்டை ஒரு தட்டு வாங்கி, குளிரில் நின்றபடியே முழுவதும் தின்றேன். இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் ஏதோ கட்டி பிடித்திருந்தது. சுரண்டாமலே விட்டுப் போயிற்று.

ஆணியை நானே பிடுங்கினேன். ஓட்டை இருக்கிறது. நடைவழியில் போகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை என் கடைசி நாள்.

எமெரி


டால்டன்
ஜனவரி 19, 1995

அன்புள்ள எமெரி,

உன் கடிதத்தை முதல் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். 'யாரும் தொட முடியாது' என்ற இடத்தில் ஓடெல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பிறகு எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, "சரி, சரக்கு ஏத்தலாமா?"ன்னார். மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், சத்தமில்லாமல், கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் எதுவும் இல்லை. பத்து மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டால் எப்படி வரும், அப்படி வந்தது.

கம்பள ஆலைக்காரர் திங்கட்கிழமை ஒப்பந்தம் போட்டார். இரண்டு கொப்பரைகளும் எரிகின்றன. பதினோரு பேரும் இருக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பக்கம் 112-இல், 'ஐந்து சதவீதம் வேண்டுமென்றே கலனில் விடப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன் இல்லையா? வேண்டுமென்றே எல்லாம் இல்லை. நீ கையெழுத்துப் போட்டதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் மீன் வறுவல், எனக்கு நேரமாகிவிட்டது. கழுவ அரைமணி ஆகும். கழுவாமல் அடுத்த சரக்கை ஏற்றிவிட்டு, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, 'வேண்டுமென்றே' என்று எழுதினேன். முடிவு நன்றாக வந்ததும் அந்த வார்த்தையை நானே நம்பிவிட்டேன். கில்கிறிஸ்ட் சிரித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி, அந்த ஆள் சரியாகச் சொல்லிவிட்டாரோ என்பதுதான். நீ கையெழுத்துப் போடும் முன் படித்திருந்தால் கேட்டிருப்பாய், "வேண்டுமென்றேவா?" என்று. நான் வசமாக மாட்டியிருப்பேன்.

நியூஜெர்சிக்காரர் வீட்டுக்குப் போக, நான் மீன் தின்ன, நீ நான்கு பேர் கையெழுத்தைத் தவிர்க்க. மூன்று பேருக்கும் ஒரே சிந்தனை. அந்த மனிதரின் பெயர் தெரியவில்லை. பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு முதல் கொப்பரைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஓடெல் தினமும் காலையில் அதற்கு வணக்கம் வைக்கிறார்.

இன்னொன்று. மிச்சப் பாலின் மேல் மிச்சப் பாலாக ஏழெட்டுச் சரக்குக்கு மேல் தொடர்ந்தால் துகள்கள் பெருத்துவிடுகின்றன. எத்தனையாவது சரக்கில் புதிதாகத் தொடங்குவது என்று ஒரு சோதனை செய்தேன். நோட்டுப் பக்கத்தின் நகல் இதோடு. சாட்சி வரி காலியாக இருக்கிறது. இங்கே கையெழுத்துப் போட யாரும் இல்லாமல் இல்லை. நீ இப்போது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லையே, அதனால் கேட்கிறேன்.

பாத்திரத்தை அனுப்பு. நீல மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வெர்னா


அக்ரன்
ஜனவரி 28, 1995

அன்புள்ள வெர்னா,

பாத்திரம் தனிப் பொட்டலமாக வருகிறது. யாருடையது என்று தேதி போட்ட சாட்சி எதுவும் கிடைக்கவில்லை. முதலில் உரிமை கொண்டாடியவள் நீதான் என்று வைத்துக்கொள்ளலாம். கழுவித்தான் அனுப்புகிறேன்.

நோட்டுப் பக்கத்தை இன்று முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை. ஆறாவது சரக்கோடு நிறுத்துவது சரியான முடிவு, உன் அளவீடுகளே அதைச் சொல்கின்றன. ஆனால் மூன்றாவது வரியில், தண்ணீர் அறுபது பங்கு, எண்ணெய்கள் முப்பத்தெட்டுப் பங்கு, சோப்பு ஐந்து பங்கு என்று போட்டிருக்கிறாய். கூட்டினேன். மறுபடி கூட்டினேன். நூற்றுக்கு நூற்று மூன்று வருகிறது. சோப்பு இரண்டாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எங்காவது மீன் வறுத்தார்களா?

அடியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அச்சடித்திருந்த வார்த்தைகளுக்குப் பக்கத்தில் என் கையால் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். இப்போது அது இப்படி இருக்கிறது:

'படித்தேன். மூன்றாவது வரியைத் தவிர, புரிந்துகொண்டேன். எ. சாபோ.'